உதட்டு வரிசை

வெயிலுக்கொரு தொப்பி தைப்போம், காற்றுக்கொரு செருப்பு தைப்போம், இந்தச் 'செருப்பு' வருகிற இடத்தில்தான் முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கமாகச் சரிகிறார்கள், மூன்று வாரமாகச் சொல்லிக்கொடுத்தும் அதே இடம், அதே சறுக்கல், நான் எழுதின பாட்டு, நான் போட்ட மெட்டு, போட்டவளைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும், இன்னொரு தடவை, ம், ஒன்று இரண்டு மூன்று என்று கையை வீசுகிறேன், கை தானாக வீசுகிறது, கண் மட்டும் பின்வரிசையில் சன்னலோரம் நிற்கிற சுபிக்ஷாவின் வாயை விட்டு நகரமாட்டேன் என்கிறது. எவ்வளவு அழகாக அசைகிறது அந்த வாய். 'வெயிலுக்கு' என்பதில் உதடு விரிகிறது, 'தொப்பி'யில் குவிந்து ஒட்டித் திறக்கிறது, எழுத்துக்கு எழுத்து சுத்தம், இந்த முப்பத்திரண்டில் வேறொருத்தரும் இத்தனை ஒழுங்காக வாயைத் திறப்பதில்லை. சத்தம்தான் கிடையாது. பத்தொன்பது நாளாக அந்தத் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை, பாட்டில், வகுப்பில், வீட்டில், தெருவில், எங்கேயும். பசிக்கிறது என்று வாயை அசைக்கிறாளாம், தண்ணீர் வேண்டும் என்று வாயை அசைக்கிறாளாம், அவள் அம்மா தலையில் தலையில் அடித்துக்கொள்கிறாளாம். மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. காது மூக்கு தொண்டை டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை, எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எதைக் கண்டு பயந்தாள் என்று தெருவே சேர்ந்து தேடி, கடைசியில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவருகிற ஆட்டோக்காரர் சண்முகவேல் அண்ணாச்சியைக் கண்டுபிடித்துவிட்டது. மூன்று நாளாக அவர் ஸ்டேஷனில் இருக்கிறார். இன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் மகளிர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் அம்மா வந்து டீச்சர்மாரிடம் எழுதி வாங்கப் போகிறார்கள், அதற்காகத்தான் இத்தனை நாள் கழித்துப் பிள்ளையையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஏன் பேசவில்லை என்று தெரிந்த ஒரே ஒரு பெரிய ஆள் இந்த ஹாலில் கையை வீசிக்கொண்டு நிற்கிறாள். பியூலா டீச்சர். பாட்டு டீச்சர். நான்.

உதட்டு வரிசை என்று அதற்குப் பெயர். நான் வைத்த பெயரில்லை, சின்ன வயதில் எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தின மாசிலாமணி சார் வைத்தது. கூட்டுப் பாட்டுக்குத் தலைகள் வேண்டும், நாற்பது பேர் நின்றால்தான் பார்க்க நிறைவு, ஆனால் நாற்பது பேருக்கும் சுருதி சேராது, எந்த ஊரிலும் சேர்ந்ததில்லை. சார் என்ன செய்வார், நாங்கள் பாடப் பாட ஒவ்வொருத்தர் பின்னாலும் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வருவார், சேராத பிள்ளையின் உச்சந்தலையில் ஒரு விரலை வைப்பார். அவ்வளவுதான். திட்டு இல்லை, அடி இல்லை, வெளியே போ என்று சொல்வதில்லை. அந்தப் பிள்ளை அதிலிருந்து பின்வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். என் அக்கா சாலமிக்கு ஒன்பது வயதில் அந்த விரல் விழுந்தது. பதினோரு வருஷம் அக்கா உதட்டை அசைத்தாள், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பிஷப் வந்த அன்றைக்கு, எல்லாவற்றிலும், கீழே உட்கார்ந்திருக்கிற அம்மா ஒவ்வொரு தடவையும் "சாலமி சத்தம் தனியாக் கேட்டுது" என்று பக்கத்து ஆட்களிடம் பெருமை அடித்துக்கொள்வாள். அக்காவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கமாட்டோம், பார்த்தால் சிரித்துவிடுவோம். கல்யாணமாகி நாசரேத்துக்குப் போன பிறகு ஒரு நாள் சொன்னாள், "என் பிள்ளைக்குத் தாலாட்டு பாட வாயெடுத்தா சார் விரலு தலையில இருக்க மாதிரியே இருக்கும் பியூலா, ரேடியோவப் போட்டுத் தூங்க வச்சிருவேன்." அதற்கும் சிரித்தோம். மறுநாள் காலையில் நான் இங்கே வந்து நாலு பிள்ளைகள் தலையில் விரல் வைத்தேன். அதை இரக்கம் என்றுதான் நினைத்திருந்தேன், இப்போதும் பாதி மனசு அப்படித்தான் சொல்கிறது, யாரையும் வெளியே தள்ளாமல் எல்லாரையும் மேடையில் ஏற்றுகிற ஒரே வழி அது, இல்லாவிட்டால் பத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அழும். ஏய், கடைசி வரிசை, என்னப் பாத்துப் பாடு. இன்னொரு தடவை. தொப்பி தைப்போம்.

இந்த வருஷம் உதட்டு வரிசையில் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் பாட்டு முடிந்த அடுத்த நொடி ஹால் இடிந்து விழுகிற மாதிரிக் கத்துகிறார்கள், அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை, சுபிக்ஷாவுக்கு மட்டும் ஏன் ஆனது, ஏன் என்று எனக்குத் தெரியாதா என்ன. அன்றைக்கு நான் விரலோடு நிறுத்தவில்லை. அவள் குரல் ஒரு கட்டை கீழே நிற்கும், அதோடு போனாலும் பரவாயில்லை, சந்தோஷம் வந்துவிட்டால் மற்ற எல்லாரையும் தாண்டி ஓங்கி ஒலிக்கும், பக்கத்தில் நிற்கிற நாலு பேரை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழும். எனக்கு அன்றைக்குத் தலைவலி. காலையில் பெரிய டீச்சர் அமிர்தவல்லி அம்மா கூப்பிட்டு, கல்வி அதிகாரி பள்ளிக்கூட விழாவுக்கு வருகிறார், உங்கள் வேலையை நிரந்தரமாக்குகிற ஆர்டர் விஷயம் அவர் கையில்தான், பாட்டு நன்றாக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். பதினோரு வருஷமாகப் பகுதி நேரம் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு அந்த வார்த்தை போதாதா. சுபி தலையில் விரல் வைத்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "நான் பாடக்கூடாதா டீச்சர்?" என்றாள். "வாய மட்டும் அசை." "எது வரைக்கும் டீச்சர்?" இந்தக் கேள்வியை இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. "நான் சொல்லுத வரைக்கும்." "வீட்டுல பாடிப் பாக்கலாமா?" அங்கேதான் எனக்குப் பிசகியது. "வீட்டுலயும் கிடையாது. வீட்டுல கத்திக் கத்தித்தான் தொண்ட இப்படிக் கட்டிக் கெடக்கு. தொண்டைக்கு லீவு விடு. நான் சொல்லுத வரைக்கும் உன் சத்தமே வெளிய வரக்கூடாது. வந்துச்சுன்னு தெரிஞ்சா விழாவுல நிறுத்தமாட்டேன், பாத்துக்கோ." சரி டீச்சர் என்று சொல்ல வாயைத் திறந்தவள் உடனே மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அதுவே எனக்குப் பிடித்துப்போனது, பரவாயில்லையே, சொன்னால் கேட்கிற பிள்ளை என்று நினைத்தேன். பிறகு மறந்துவிட்டேன். அதுதான் விஷயம். நான் சொல்லுத வரைக்கும் என்று சொன்னேன், சொல்ல மறந்துவிட்டேன்.

மறந்தேன் என்று சொல்வதில்கூட ஒரு பொய் இருக்கிறது. முதல் மூன்று நாள் மறந்தேன், அது நிஜம், பாட்டு சுத்தமாக வந்தது, அப்பாடா என்று இருந்தது, ஒரு குரல் இல்லாததை யார் தேடப் போகிறார்கள். நாலாம் நாள் டீச்சர்மார் அறையில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது மூன்றாம் வகுப்பு டீச்சர், "இந்த சுபிக்ஷாப் பிள்ளைக்கு என்ன கேடோ தெரியல, வாய அசைக்கா, சத்தம் வரமாட்டேங்கு, அவ அம்மா பேச்சியம்மா காலையில வந்து ஸ்கூல் கேட்டுல நின்னு அழுதா" என்று சொன்னபோது என் கையிலிருந்த புளிச்சோறு அப்படியே நின்றது. அந்த நிமிஷமே எழுந்து மூன்றாம் வகுப்புக்குப் போய், ஏட்டி, போதும், பேசு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், பதினைந்து அடி தூரம், ஒரு வார்த்தை. நான் சோற்றைச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துப் போகலாம் என்று நினைத்தேன், சாப்பிட்டு முடித்ததும் மணி அடித்தது, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன், நாளைக்கு அவள் வரவில்லை. அதற்குப் பிறகு டாக்டர், இன்னொரு டாக்டர், வேப்பிலை அடிக்கிறவர், தாயத்து. ஒரு சாயங்காலம் நான் அவள் தெருமுனை வரைக்கும் போனேன். முனையிலிருந்தே வீடு தெரிந்தது, பேச்சியம்மாள் வாசலில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பிள்ளை நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அம்மா என்னவோ கேட்டாள், பிள்ளை உதட்டை அசைத்தாள், அம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பேச்சியம்மாள் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி ஒரு கொடுமை. கூப்பிடு தூரம்தான். நான் மருந்துக்கடைக்குள் போய் நின்று, என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதற்குத் தலைவலி மாத்திரை என்று சொல்லி, அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அவளிடம் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் சொல்லித்தான் தெரியும். பேசாதே என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டதற்குப் பிள்ளை ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கிறாள், அது போதும், அதற்குமேல் ஊருக்கு மூளை ஒரு திசையில்தான் ஓடும். யாரு, பக்கத்து வீட்டு மாமாவா, இல்லை, கடைக்காரரா, இல்லை, வாட்ச்மேன் தாத்தாவா, இல்லை, ஆட்டோ அண்ணாச்சியா, அந்த இடத்தில் பிள்ளை அழுதுவிட்டாள். இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் அழும். ஊர் அழுகையைப் பதிலாக எடுத்துக்கொண்டது. ஊரில் இருக்கிற ஆம்பிளைகள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார்கள், பாட்டு டீச்சரா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஆமாம் என்று ஆட்டியிருப்பாள், நான் இந்நேரம், என்ன ஆகியிருப்பேன், ஒன்றும் ஆகியிருக்கமாட்டேன், நாலு பேர் திட்டியிருப்பார்கள், பெரிய டீச்சர் கூப்பிட்டு ஒரு மாதிரிப் பார்த்திருப்பார்கள், ஆர்டர் போயிருக்கும். ஆர்டர்தானே. ஆனால் அது நாலாம் நாள் கணக்கு. இன்றைக்குச் சொன்னால், இத்தனை நாள் தெரிந்துகொண்டே ஒரு மனுஷனை அடிக்க விட்டாயா என்று கேட்பார்கள், ஆர்டர் போனால் போகட்டும் என்று சொல்லிக்கொள்ளலாம், இந்தக் கேள்வியோடு இந்த ஊரில் எப்படி நடப்பேன். ஆட்டோ ஸ்டாண்டில் அவரை அடித்ததை நான் பார்த்தேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன், பஸ் சிக்னலில் நின்றது. சட்டை கிழிந்திருந்தது, அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை, என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார், கண்ணாடி வழியாகக் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, "இவனுவள வெட்டணும்" என்றாள். நானும் ம் என்றேன். ம் என்று சொன்னேன், ஐயோ, அந்த ம் என் வாயிலிருந்துதான் வந்தது.

நிறுத்து, நிறுத்து, செருப்பை மட்டும் தனியாகப் பாடுவோம். செருப்பு. செ-ரு-ப்பு. இந்த இடத்தைப் பற்றி சண்முகவேல் அண்ணாச்சி என்னிடம் ஒரு நாள் பள்ளிக்கூட கேட்டில் வைத்தே சொன்னார். பிள்ளைகள் ஆட்டோவில் பாடிக்கொண்டே போகுமாம், அவரும் கூடப் பாடுவாராம். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க, அந்தச் செருப்புல பிள்ளைய தடுக்குதுவ, கொஞ்சம் எறக்கிப் போட்டா என்ன?" என்று கேட்டுவிட்டு அங்கேயே பாடியும் காட்டினார், ஒரு சுரம் கீழே, அழகாக உட்கார்ந்தது, சுருதி சுத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டோ ஓட்டுகிறவர் எனக்கு மெட்டு சொல்லித் தருகிறாரா. "நீங்க வண்டியப் பாத்து ஓட்டுங்க அண்ணாச்சி" என்று சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது சரி. அன்றைக்கே தெரியும். அதனாலேயே மாற்றவில்லை. அவர் ஸ்டேஷனில் இருக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குள்ளே ஒரு மூலையில், ஒரே ஒரு நொடி, நல்லா வேணும் என்பது மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்ததா, பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். முந்தாநாள் அவர் சம்சாரம் கேட்டில் வந்து நின்று டீச்சர்மார் ஒவ்வொருவராகக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒங்களுக்கெல்லாம் அவுகளத் தெரியும்லா டீச்சர், ஏழு வருசமா பிள்ளையளக் கொண்டாந்து விடுதாவ, எனக்கும் ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு, ஒரு வார்த்த சொல்லுங்க." எல்லாரும் குனிந்துகொண்டு நடந்தோம். நான் எல்லாருக்கும் முன்னால் நடந்தேன்.

ஆனால் எனக்கு ஒரு வழி தெரிந்திருக்கிறது. நேற்று ராத்திரி முழுக்கப் புரண்டு, விடிகிற நேரத்தில் தெரிந்தது, இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். பிள்ளையிடம் மட்டும் சொன்னால் போதும். போதும் சுபி, பேசலாம். அவள் பேசிவிடுவாள். பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், பேசுகிற பிள்ளைக்கு என்ன கேஸ், பேச்சியம்மாள் சந்தோஷப்படுவாள், இன்ஸ்பெக்டர் பேப்பரை மடித்துக்கொண்டு போவார்கள், அண்ணாச்சியை விட்டுவிடுவார்கள், விடாமல் என்ன செய்வார்கள். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. யார் சொன்னது என்று பிள்ளையைக் கேட்டால்? அதைச் சொல்லாதே என்று நானே சொல்லிவிடுவேன், நான் சொன்னால் அவள் கேட்பாள், பத்தொன்பது நாள் கேட்டிருக்கிறாளே. இதில் யாருக்கு நஷ்டம். ஏதோ ஒன்று இடிக்கிறது, எங்கே இடிக்கிறது என்று தேடினால் அகப்படவில்லை, செருப்பு இடத்தைப் போல, கிட்டே போகும் வரைக்கும் சரியாக இருக்கிறது. நேரமில்லை. மணி பதினொன்று ஐம்பது. சன்னல் வழியாக போலீஸ் ஜீப் உள்ளே திரும்புவது தெரிகிறது, பெரிய டீச்சர் புடவையைச் சரிசெய்துகொண்டு வராந்தாவில் இறங்குகிறார்கள், பேச்சியம்மாள் ஏற்கெனவே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாடுங்க பிள்ளைகளா, நிறுத்தாதீங்க, முதல்லருந்து, நான் பின்னால வந்து கேப்பேன். வெயிலுக்கொரு தொப்பி. நான் வரிசையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகிறேன், இன்னும் நாலு தப்படி, இன்னும் மூன்று தப்படி, நாலு பிள்ளைகள் தலையைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், விரல் விழுமோ என்ற பயத்தில், இத்தனை நாள் அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சுபி பக்கத்தில் குனிகிறேன். தேங்காய் எண்ணெய் வாடை, சட்டைக் காலரில் தாயத்துக் கயிறு, ஒன்று, இரண்டு, மூன்று கயிறு. பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. "சுபி. போதும்ட்டி. இனிமே பேசலாம்." உதடு நிற்கிறது. என்னைப் பார்க்கிறாள், நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை. "நெசமாத்தான் சொல்லுதேன். பேசு." தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் வருகிறது, எனக்கு உயிரே போய்விட்டது, இனி வராதோ, நிஜமாகவே போய்விட்டதோ, பிறகு ஒரு கரகரப்பு, அதற்குள்ளிருந்து ஒரு குரல், அதே ஒரு கட்டை கீழே நிற்கிற குரல். "நான் விழாவுல நிக்கலாமா டீச்சர்?" பத்தொன்பது நாள் கழித்து அந்த வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான். "சத்தமே போடல டீச்சர். வீட்டுலயும் போடல. ஊசி போட்டப்பக்கூடப் போடல." எனக்கு அங்கேயே தரையில் விழுந்து அழ வேண்டும்போல் இருக்கிறது, கத்த வேண்டும்போல் இருக்கிறது, இந்தப் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி, நான்தான், நான்தான் என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. என் வாய் வேறு என்னவோ சொல்கிறது. "நிக்கலாம்மா. முன்வரிசையில நிக்கலாம். ஆனா ஒண்ணு, பேசாதன்னு நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாது. அம்மாகிட்டயும் கூடாது. சரியா?" அவள் முகம் அத்தனை பிரகாசமாகிறது. முன்வரிசை என்ற வார்த்தையைத் தவிர மற்றது அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. "சரி டீச்சர்" என்கிறாள்.

மணி அடிக்கிறது, வரிசை உடைகிறது, சுபி எல்லாரையும் இடித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுகிறாள். "எம்மா, பசிக்கி." அவ்வளவுதான் சொன்னாள். பேச்சியம்மாள் அலறின அலறலில் தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்புகின்றன. "எந்தாயீ, இன்னொரு வாட்டி சொல்லு, இன்னொரு வாட்டி சொல்லு" என்று அவள் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், பிள்ளையும் பசிக்கி, பசிக்கி என்று சொல்கிறது, பெரிய டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், முடிந்துவிட்டது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி என் உடம்பில் இறங்கின லேசை என்னவென்று சொல்ல. பேச்சியம்மாள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறாள், பீடித் தூள் மணக்கிற கை. "பாட்டுச் சொல்லிக் குடுத்தே பேச வச்சிட்டியளே டீச்சர், ஒங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்." இன்ஸ்பெக்டர் அம்மா மட்டும் அசையவில்லை, நின்ற இடத்திலேயே நிதானமாகச் சொல்கிறார்கள், "பாத்தீங்களா? அவன் உள்ள வந்து மூணு நாளு. பிள்ளைக்குப் பயம் தெளிஞ்சிருச்சு. டாக்டர் ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லேன்னு இன்னைக்குச் சாயந்தரம் அவன விட்டிரலாம்னுதான் இருந்தோம். நல்ல வேளை."

இதுதான் இடித்தது. ராத்திரி முழுக்கத் தேடின இடம் இதுதான். இன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போயிருப்பார். பெரிய டீச்சர், "ஆமா மேடம், கரெக்ட், அதான்" என்று தலையை ஆட்டுகிறார்கள். சொல்லு பியூலா, இப்போது சொல், இதற்குமேல் ஒரு நேரம் வராது, ஒரு வரிதான், பேசாதே என்று சொன்னவள் நான், சொல். என் கையைப் பேச்சியம்மாள் இன்னும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா பிள்ளை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பாப்பா, இனிமே பயமில்ல. அத்தைகிட்ட சொல்லு. பேசாதன்னு ஒன்ன யாரு சொன்னா? ஆட்டோ மாமாவா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறக்கக் குனிகிறார்கள். சுபி என்னைப் பார்க்கிறாள். உதடு அசைகிறது, சத்தமில்லாமல், எழுத்துக்கு எழுத்து சுத்தமாக. சொல்லட்டுமா டீச்சர்? அந்த வராந்தாவில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அழுகையும் சிரிப்புமாக எல்லாரும் எங்கெங்கோ பார்க்கிறார்கள். என் தலை அசைகிறது. வேண்டாம் என்று அசைகிறது. நான்தான் அசைக்கிறேன். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு அம்மா புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள்.

"பேரைச் சொன்னதும் வாய மூடிக்கிட்டா பாத்தீங்கல்ல?" என்று இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து பேப்பரை என்னிடம் நீட்டுகிறார்கள். "நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. பார்த்தத அப்படியே எழுதிக் குடுங்க டீச்சர்." பெரிய டீச்சர் எழுதுவதற்கு வசதியாக வருகைப் பதிவேட்டை அடியில் பிடித்துக்கொள்கிறார்கள். பேனா நன்றாக எழுதுகிறது. ஆட்டோ மாமா என்றதும் பிள்ளை வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தேன் என்று எழுதுகிறேன். தேதி போட்டு, முழுப் பெயரும் எழுதி, கையெழுத்துப் போடுகிறேன்.